கப்பலில் இருப்பவரிடம் சொல்லக் கூடாது

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. கப்பலில் இருப்பவரிடம் கெட்ட செய்தி சொல்லக் கூடாது. யார் போட்ட சட்டம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எங்கள் தெருவில் கப்பலுக்கு ஆள் அனுப்பிய வீடுகள் எல்லாவற்றிலும் இதே சட்டம்தான். நடுக்கடலில் நிற்கிறவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? இறங்கி வரவா முடியும்? சொன்னால் அங்கே அழுதுகொண்டே வேலை பார்ப்பார். கவனம் தப்பினால் கையோ காலோ போகும். அதனால் கான்ட்ராக்ட் முடிந்து, சைன் ஆஃப் ஆகிக் கப்பலை விட்டு இறங்கி, வீட்டு வாசலில் பெட்டியை இறக்கிவைக்கும்வரை இங்கே எல்லாரும் நலம். செத்துப்போனவர்களும் நலம்தான்.

அப்பா சரக்குக் கப்பல்களில் டெக் வேலை பார்த்தவர். ஏறினால் எட்டு மாதமோ ஒன்பது மாதமோ கழித்துத்தான் இறங்குவார். அவருக்கு ஒரே ஒரு அக்கா. கல்யாணம் வேண்டாம் என்று எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டவள். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது மஞ்சள் காமாலை வந்து அத்தை போய்விட்டாள். அப்பா அப்போது பிரேசில் பக்கம் எங்கேயோ இருந்தார். துறைமுகம் வந்து சேரும்போதெல்லாம் போன் போடுவார். கடைசியில் தவறாமல் கேட்பார், "அக்கா எங்க?" என்று.

"கோயிலுக்குப் போயிருக்கா" என்பாள் அம்மா. அதோடு விட மாட்டாள். "நீங்க போன் போடுத நேரம் பாத்துத்தான் அவளுக்கு செபமால சொல்லணும். நாஞ் சொன்னா கேக்கவா செய்யுதா?" என்று அலுத்துக்கொள்வாள். அந்த அலுப்பில்தான் இருந்தது அம்மாவின் கெட்டிக்காரத்தனம். வெறும் பொய்யாக இருந்தால் அப்பா பிடித்துவிடுவார். அலுத்துக்கொண்டு சொல்லப்படும் பொய்யை உலகத்தில் யாரும் சந்தேகப்படுவதில்லை.

அப்பா வந்து இறங்கிய நாளில் வீட்டுப் பெண்கள் எல்லாரும் கலர் சேலை கட்டியிருந்தார்கள். அத்தையின் படத்தை அதுவரை சுவரில் மாட்டவில்லை. முதலில் அப்பாவைச் சாப்பிட வைத்தார்கள். வயிறு நிறைந்தபிறகு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவர் முழங்காலில் கையை வைத்துச் சொன்னாள். சொல்லி முடித்ததும் சுற்றி நின்ற அத்தனை பெண்களும் அன்றுதான் செத்ததுபோல அழுதார்கள். அது நடிப்பில்லை. அப்பாவுக்காக மிச்சம் வைத்திருந்த அழுகை அது. அப்பா யாரையும் குறை சொல்லவில்லை. ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு, "எங்கன வச்சிருக்கிய?" என்று மட்டும் கேட்டார். கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள்.

அப்போது அதெல்லாம் எனக்குப் பெரிய அன்பாகத் தெரிந்தது. இப்போது அதைப் பற்றிக் கேட்டால் என் வாயில் நல்ல வார்த்தை வராது.

நான் எம்.எஸ்ஸி. முடித்தது தூத்துக்குடியிலேயேதான். கடல் நீரில் அமிலம் கூடிப் புளிப்பேறினால் சிப்பி ஓடு எப்படி மெலிந்துபோகிறது என்பதைப் பற்றி ஒரு ஆய்வு செய்திருந்தேன். அதை வைத்துக்கொண்டு கண்ணில் பட்ட வெளிநாட்டுப் பேராசிரியர்களுக்கெல்லாம் மின்னஞ்சல் எழுதினேன். பாதிப் பேர் பதில் போடவில்லை. மீதிப் பேர் இடமில்லை என்று மரியாதையாக எழுதினார்கள். ஜெர்மனியின் வடகோடியில் ஒரு துறைமுக ஊரிலிருந்து ஒரு பேராசிரியை மட்டும் நேர்காணலுக்குக் கூப்பிட்டார். கிடைத்துவிட்டது. முனைவர் பட்ட ஆய்வு, மூன்று வருடம், சம்பளத்தோடு.

அப்பாவிடம் சொன்னபோது, "இங்கன கிடக்காத சிப்பியவா அங்கன போயிப் பாக்கப் போற?" என்றார். ஊர்ப் பெயரைச் சொன்னதும் முகமே மாறிவிட்டது. "அந்த ஊருக் கால்வா வழியாத்தான எத்தன தடவ போயிருக்கேன். ரெண்டு பக்கமும் பச்சப்பசேல்னு கெடக்கும். கைக்கு எட்டுத தூரத்துல மாடு மேயும். எறங்க மட்டும் விட மாட்டான்."

அதற்குப்பின் என் படிப்பு அப்பாவின் கையில் கப்பலாக மாறிவிட்டது. பேராசிரியை கேப்டன். ஆய்வுக்கூடம் டெக். "சைன் ஆன் என்னைக்கு?" என்று கேட்டார். தெருவில் யாராவது விசாரித்தால், "மூத்தவ மூணு வருச கான்ட்ராக்ட்ல போறா" என்பார். முனைவர் பட்டம் என்றால் என்ன என்று விளக்கி விளக்கி அலுத்துப்போயிருந்த எனக்கு இது வசதியாக இருந்தது. நானும் அந்த விளையாட்டில் சேர்ந்துகொண்டு, "கேப்டன் மெயில் போட்டிருக்காங்கப்பா" என்று சொல்ல ஆரம்பித்தேன். தங்கச்சி விழுந்து விழுந்து சிரிப்பாள். எங்கள் வீட்டில் கப்பலுக்குப் போகிற முதல் பெண் நான்தான் என்று அம்மாவே ஒரு நாள் சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

ஈஸ்டருக்கு ஆய்வுக்கூடத்தில் விடுமுறை உண்டு, அப்போது வருவேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தேன்.

அம்மாவுக்கு ஆள் அனுப்புவது புதிதில்லை. அப்பாவை அனுப்பி அனுப்பிப் பழகியவள். பெட்டி கட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. தூத்துக்குடிக்காரி வெளிநாடு போகிறாள் என்றால் பெட்டிக்குள் மக்ரூன் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். என் பெட்டியிலும் இருந்தது. கருவாட்டையும் உள்ளே வைக்கப் பார்த்தாள். விமான நிலையத்தில் என்னைப் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள் என்று சண்டை போட்டு எடுத்தேன். "கருவாட்டுக்கு எவனாவது புடிப்பானா? மூக்கு இல்லாத ஊரா அது?" என்றாள்.

புறப்பட்ட அன்று அம்மா வாசலுக்கு வரவில்லை. அதுவும் வழக்கம்தான். கப்பலுக்குப் போகிறவரை வாசலில் நின்று வழியனுப்பினால் அழுகை வந்துவிடும், அழுதால் போகிற காரியம் கெடும். அதனால் அப்பா புறப்படும்போதெல்லாம் அவள் குசினிக்குள் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருப்பாள். எனக்கும் அதையே செய்தாள். நான் உள்ளே போய், "வாரேம்மா" என்றேன். எழுந்திருக்கவில்லை. குனிந்து கட்டிப்பிடிக்கப் போனேன். "கை நாறுது, துணில படப்போவுது" என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டாள். முழங்கையால் என் கழுத்தை வளைத்து ஒரு முறை தன் பக்கம் இழுத்தாள். "போ, நேரமாவுது. சுவெட்டர கைப்பைல வச்சுக்க" என்றாள்.

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. காரில் அப்பாவிடம், "ஒரு சொட்டுத் தண்ணி வந்துதா பாத்தீங்களா?" என்றேன். "எனக்கு மட்டும் எப்பம் வந்துருக்கு?" என்றார் அப்பா. அதை அவர் சொன்ன விதத்தில் ஒரு பெருமை இருந்தது. மனைவி அழாமல் அனுப்பிவைப்பது கப்பல்காரனுக்குக் கௌரவம். எனக்கு அந்தக் கௌரவம் வேண்டியிருக்கவில்லை. ஊர்ப் பெண்களைப்போல அம்மாவும் வாசலில் நின்று மூக்கைச் சிந்தியிருந்தால் போதும் என்றிருந்தது.

அம்மா என்னைத் தொட்டது அதுதான் கடைசி. முழங்கையால்.

ஜெர்மனியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஊர் அழகு. கடல் இருந்தது, ஆனால் வாசனையே இல்லாத கடல். குளிரில் மூக்குச் செத்துப்போய்விட்டதா, கடலுக்கே வாசனை கிடையாதா என்று தெரியாமல் முதல் மாதம் முழுக்கக் கரையில் போய் மோந்து மோந்து பார்த்தேன். ஆய்வுக்கூடத்தில் வரிசையாகத் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் சிப்பிகள். நீரின் புளிப்பைப் பார்ப்பதும், ஓட்டை அளப்பதும், தொட்டியைக் கழுவுவதும்தான் வேலை. ஞாயிற்றுக்கிழமை கடை எதுவும் திறக்காது என்பது தெரியாமல் முதல் ஞாயிறு முழுவதும் மக்ரூனைத் தின்றேன். பொடியாகப் போயிருந்தது. ஸ்பூனால் அள்ளிச் சாப்பிட்டேன்.

பேருந்தில் போகும்போது காரணமில்லாமல் அழுகை வரும். ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எங்கள் ஊர் பஸ்ஸில் ஒரு பெண் அழுதால் இறங்குவதற்குள் அவள் கதை முழுவதும் பஸ்ஸுக்குத் தெரிந்துவிடும். அதையெல்லாம் தொல்லை என்று நினைத்துத்தான் கிளம்பியிருந்தேன்.

தினமும் என் மதியச் சாப்பாட்டு வேளையில் அம்மாவோடு வீடியோவில் பேசுவேன். தட்டில் இருப்பதைக் காட்டச் சொல்வாள். காட்டினால், "இது சோறா, இல்ல பிளாஸ்டரா?" என்பாள். மற்ற நேரங்களில் வாட்ஸப்பில் குரல் செய்தி அனுப்புவாள். டைப் செய்யவே மாட்டாள். தங்கச்சி சொல்லிக்கொடுக்கப் போனால், "எனக்கு வாய் இருக்கு, நான் பேசிக்கிடுதேன். எழுத்து ஊமைக்கு" என்று விரட்டிவிடுவாள். அவள் குரல் செய்திகளில் பாதி எனக்காக இருக்காது. நடுவில் மீன்காரியோடு பேரம் பேசுவாள், பூனையை விரட்டுவாள், பிறகு ஞாபகம் வந்ததுபோல, "ஏளா, சாப்ட்டியா?" என்று முடிப்பாள்.

புது வருடத்துக்குப்பின் அம்மா மெலிய ஆரம்பித்தாள். கேட்டேன். "கடவாப் பல்லப் புடுங்கிட்டேம்லா, சவைக்க முடியல" என்றாள். தவக்காலம் வந்ததும் இன்னும் மெலிந்தாள். "ஒருசந்தி இருக்கேன்" என்றாள். "ஒங்கப்பா இருக்காரா பாரு. மூணு நேரமும் அவருக்கு மட்டும் ஆக்கிப் போடணும். எனக்கு ஒருசந்தி, அவருக்கு விருந்து" என்று அலுத்துக்கொண்டாள். நானும் சேர்ந்து அப்பாவைத் திட்டினேன். "ஆனா மெலிஞ்சு அழகாயிட்டம்மா. கல்யாணப் போட்டோல இருக்க மாதிரியே இருக்க" என்றேன். உண்மையில் அப்படிச் சொன்னேன். சிரித்தாள். அவளுக்குப் பின்னால் எங்கள் வீட்டு ஜன்னல் திரை, நீலப் பூப் போட்டது, எப்போதும்போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

பிறகு போன் கீழே விழுந்து கேமரா உடைந்துவிட்டது என்றாள். வெறும் குரல் மட்டும் வந்தது. அதுவும் சுருங்கியது. தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறது, டாக்டர் பேசக் கூடாது என்கிறார் என்று தங்கச்சி சொன்னாள். ஈஸ்டர் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் டிக்கெட் எடுத்துவிட்டேன். ஒரு நாள் அம்மாவின் எண்ணிலிருந்து எழுத்தில் செய்தி வந்தது. "சாப்பிட்டியா?"

எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. என் அம்மா டைப் செய்யக் கற்றுக்கொண்டுவிட்டாள். பக்கத்து மேசையில் இருந்த ஜெர்மன் பெண்ணிடம் போனைக் காட்டி, இது என் அம்மா வாழ்க்கையில் முதல் முறையாக எழுதி அனுப்பிய செய்தி என்று சொன்னேன். அவள் எழுந்து வந்து பார்த்துவிட்டு, எழுத்து அழகாக வட்டம் வட்டமாக இருக்கிறது என்றாள். நான் அம்மாவுக்குப் பதில் போட்டேன். "எழுத்து ஊமைக்குன்னு சொன்ன? இப்போ என்ன ஆச்சு?" என்று கேலி செய்தேன். அதற்குப் பதில் வரவில்லை. மறுநாள், "ஒழுங்காச் சாப்பிடு" என்று மட்டும் வந்தது.

அம்மாவை அடக்கம் செய்தபிறகு வந்த செய்திகள் அவை.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் ஊர் வந்து சேர்ந்தேன். விமான நிலையத்தில் அப்பா மட்டும் நின்றிருந்தார். சவரம் செய்து, கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தார். பெட்டியை வாங்கிக்கொண்டார். "அம்மா வரலையாப்பா?" என்றேன்.

"கோயிலுக்குப் போயிருக்கா. பெரிய வாரம்லா" என்றார்.

அப்போதாவது எனக்குத் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. பெரிய வாரத்தில் அம்மா கோயிலில்தான் கிடப்பாள், அது எனக்குத் தெரியும். தவிர, அப்பாவுக்கு அம்மா அளவுக்குப் பொய் சொல்லத் தெரியும் என்று நான் நினைத்ததே இல்லை. வழியெல்லாம் குளிரைப் பற்றியும் தொட்டிகளைப் பற்றியும் வாய் ஓயாமல் பேசினேன். அப்பா ம் கொட்டிக்கொண்டே வந்தார்.

வீட்டில் தங்கச்சி மஞ்சள் சுடிதாரில் இருந்தாள். அம்மாவின் தங்கை, என் சித்தி, பெரிய பூப் போட்ட சேலை கட்டியிருந்தாள். சேலையில் பீரோவிலிருந்து எடுத்த மடிப்பு அப்படியே இருந்தது. "மொதல்ல சாப்பிடு, மத்ததெல்லாம் பொறவு" என்று தட்டை வைத்தாள். விளமீன் குழம்பு. ஒரு வாய் வைத்ததும் இது அம்மா வைத்த குழம்பு இல்லை என்று தெரிந்தது. சரி, கோயிலுக்குப் போயிருக்கிறாள், சித்தி வைத்திருப்பாள் என்று இரண்டாவது வாயும் சாப்பிட்டேன். ஜெர்மனி எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. பெட்டியில் என்ன இருக்கிறது என்று தங்கச்சி கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். மூன்று பேரும் சுவரை ஒட்டி நின்றுகொண்டு, நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எத்தனையோ வருடத்துக்கு முன்னால் அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன். அப்பா சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

கையில் சோறு இருந்தது. வைக்கவும் முடியவில்லை, வாய்க்குக் கொண்டுபோகவும் முடியவில்லை. "எங்கன வச்சிருக்கிய?" என்றேன். சித்திதான் முதலில் உடைந்தாள். அவர்கள் எனக்காக மிச்சம் வைத்திருந்ததை எல்லாம் அழுதார்கள். நான் அழவில்லை. எனக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் மண் இன்னும் ஈரமாக மேடிட்டு இருந்தது. மரத்தில் செய்த ஒரு குருசு நட்டு, அதில் வெள்ளைப் பெயின்ட்டில் அம்மாவின் பெயர் எழுதியிருந்தார்கள். அம்மாவின் பெயரை அப்படி முழுதாக எழுதி நான் பார்த்ததே குறைவு. தங்கச்சி மெழுகுவர்த்தி கொளுத்தினாள். காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. அவள் கொளுத்திக்கொண்டே இருந்தாள்.

அங்கே வைத்துத்தான் எல்லாவற்றையும் சொன்னாள். வயிற்றில் கட்டி. கண்டுபிடிக்கும்போதே கல்லீரலுக்குப் போய்விட்டது. மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பல் பிடுங்கியதாகச் சொன்னதெல்லாம் மதுரையிலிருந்து சொன்னது. எழுத்தில் வந்த இரண்டும் தங்கச்சி அனுப்பியவை. "அம்மாதான் ஜன்னல் திரையக் கழட்டிட்டு வரச் சொன்னா, அக்கா" என்றாள் தங்கச்சி. "நீ பேசுத நேரம் வந்ததும் கட்டிலுக்குப் பின்னால கயிறு கட்டித் தொங்கவிடணும். வீட்டுல இருக்க மாதிரி. நர்சம்மா கூட ஒரு நாள் ஒரு பக்கம் புடிச்சிக்கிட்டு நின்னாங்க. ஒன்னட்ட பேசி முடிச்சதும் அப்படியே சாஞ்சிருவா. பொறவு ராத்திரி வரைக்கும் பேச மாட்டா."

வீட்டுக்கு வந்ததும் ஜன்னலைப் பார்த்தேன். திரை துவைத்து மறுபடியும் மாட்டப்பட்டிருந்தது. பிடித்து இழுத்தேன். கம்பியோடு வந்துவிட்டது. சித்தி அதை எடுத்து மடித்து வைத்தாள்.

அந்த வாரம் நான் அப்பாவோடு பேசவில்லை. பெரிய வெள்ளி, ஈஸ்டர் எல்லாம் வந்து போயின. எல்லாரும் கோயிலுக்குப் போனார்கள். நான் போகவில்லை. தங்கச்சியிடம் மட்டும் கத்தினேன். "நான் என்ன கப்பல்லயா இருந்தேன்? ஒரு போன் போட்டிருந்தா ரெண்டு நாள்ல வந்து நின்னிருப்பேம்லா?" என்றேன். "அம்மா சத்தியம் வாங்கிட்டா அக்கா" என்று அவள் அழுதாள். சின்னவளைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தது. கேட்க வேண்டியது அப்பாவை. கேட்காமல் ஜெர்மனிக்குத் திரும்புவதில்லை என்று இருந்தேன். அவர் மனம் நொந்துபோகும் அளவுக்குக் கேட்க வேண்டும் என்று வார்த்தைகளைக்கூடத் தேடி வைத்திருந்தேன்.

இதற்கிடையில் அம்மா இறந்துவிட்டாள் என்று பேராசிரியைக்கு இரண்டு வரி எழுதிப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. முன்பே தெரிந்திருந்தால் முன்பே போயிருக்கலாமே, உனக்கு எத்தனை வாரம் வேண்டுமோ அத்தனை வாரம் இருந்துவிட்டு வா, தொட்டிகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார். படித்துவிட்டுப் போனைக் கட்டிலில் எறிந்தேன்.

ஈஸ்டர் முடிந்து ஒரு காலையில் அப்பா குசினியின் பின்வாசல் படியில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தார். அதுவரை அவர் வீட்டில் மீன் அரிந்து நான் பார்த்ததில்லை. செதிலை எந்தப் பக்கமிருந்து சுரண்டுவது என்றே தெரியாமல் மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தார். நான் எதிரே போய் நின்றேன்.

"ஏம்ப்பா சொல்லல?" என்றேன்.

நிமிரவில்லை. "ஒங்கம்மா சொல்லக் கூடாதுன்னுட்டா" என்றார். "எனக்குச் சொல்லாம இருந்த மாதிரிதான ஒனக்கும். அங்கன நின்னுக்கிட்டு நீ என்ன செய்வ? தொட்டிக்குள்ள விழுந்து சாவியா?"

நான் தேடி வைத்திருந்த வார்த்தைகளில் முதலாவதை எடுத்தேன். அதற்குள் அவரே தொடர்ந்தார்.

"மொதல்ல அப்படித்தான் சொன்னா. கடசில ஒரு நா மட்டும் கேட்டா."

"என்ன கேட்டா?"

"'அவளால வர முடியுமா?'ன்னு கேட்டா." மீனைத் திருப்பிப் போட்டார். "ஒங்கூட வேல பாக்குத பிள்ள ஒண்ணு, பூனைக்கு ஆப்பரேசன்னு லீவு போட்டு ஊருக்குப் போச்சாம்லா. 'பூனைக்கே விடுதாங்க, எனக்கு விட மாட்டாங்களா?'ன்னு கேட்டா."

அந்தக் கதையை நான்தான் கிறிஸ்துமஸ் சமயத்தில் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். எழுந்து வந்து என் போனைப் பார்த்த அதே பெண்ணின் பூனை. அம்மா அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. அதை மறக்காமல் வைத்திருந்து, மதுரையில் கட்டிலில் படுத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறாள். பூனையோடு தன்னை வைத்துப் பார்த்திருக்கிறாள்.

"நீங்க என்ன சொன்னிய?" என்றேன்.

"அது அவங்க நாட்டுப் பிள்ள, விடுவான்னேன். நானும் பாத்துருக்கேம்லா. ஆபீசருக்குப் பொண்டாட்டி பிள்ள பெறுதான்னா அடுத்த போர்ட்ல ஆள மாத்தி அனுப்புவான். நம்மளப் போல ஆளுக்கு எவன் மாத்துவான்? நடுவுல எறங்குனா கான்ட்ராக்ட் போச்சு, மறுக்க ஏத்த மாட்டான். அவ படிப்பு போயிரும், வர முடியாதுன்னேன்." கையில் ஒட்டிய செதிலைத் துடைத்தார். "சரின்னுட்டா. அதுக்குப் பொறவு கேக்கவே இல்ல."

காகம் ஒன்று வந்து மதிலில் உட்கார்ந்தது. அப்பா அதை விரட்டவில்லை. பிறகு மீனைப் பார்த்துக்கொண்டே, மெதுவாகக் கேட்டார்.

"ஏளா, கேட்டுருந்தா விட்டுருப்பாங்களா?"

அவர் என்னைச் சமாதானப்படுத்துவதற்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். ஆயுசு முழுக்கக் கப்பலில் இருந்த மனுசன். வீட்டில் ஆள் சாகக் கிடந்தால் வேலையை நடுவில் விட்டுவிட்டு வரலாம் என்ற ஒன்று இருப்பதே அவருக்கு அன்றுவரை தோன்றியிருக்கவில்லை. கடந்த சில நாட்களாகத் தோன்ற ஆரம்பித்திருக்க வேண்டும். நான் அவரோடு பேசாமல் இருந்த நாட்களில்.

ஒரே வார்த்தை. விட்டிருப்பாங்க. ஒரு வாரமாக அதைச் சொல்லத்தான் காத்திருந்தேன். அதைக் கேட்டால் இந்த மனிதர் என்ன ஆவார் என்றும் எனக்குத் தெரிந்தது. அம்மாவின் அந்த ஒரு கேள்வி அவர் சாகும்வரை அவர் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும். எனக்குக் கேட்கப்போவதுபோல.

"விட்டுருக்க மாட்டாங்கப்பா" என்றேன். "மொத வருசம்லா. நடுவுல வந்துருந்தா வேற ஆளப் போட்டுருப்பாங்க."

அப்பா தலையை ஆட்டினார். "அதான" என்றார். "நானும் அதத்தான் அவட்ட சொன்னேன்." மீனை எடுத்து மறுபடியும் சுரண்ட ஆரம்பித்தார்.

அம்மா என்னை வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் வரச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். முடியாது என்று அப்பா சொன்னார். இப்போது நானும் சொல்லிவிட்டேன்.